ரீஃபண்ட் சாமியும் ஒரு நெத்திலியும்

யோங் பெங் ஊரில் ஒரு கடைவீட்டு மாடி. படிக்கட்டு முழுக்கச் செருப்பு. தங்காக்கிலிருந்து ஒரு வேன், மெர்சிங்கிலிருந்து இரண்டு கார். எல்லாரும் ரீஃபண்ட் சாமியின் பக்த கோடிகள். கைப்பேசி விளையாட்டில் காசு கட்டி ஏமாந்தவர்கள். போன பணத்தைச் சாமி பூஜை போட்டுத் திரும்ப வரவழைப்பாராம். சிலருக்கு வந்தும்விட்டது. அப்புறம் கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா?

முறை சுலபம். பக்தர் போனைத் திறந்து கொடுக்க வேண்டும். சாமி சிவப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, உள்ளே போனோடு ஏதோ முணுமுணுப்பார். பிறகு மூன்று நாள் சைவ விரதம். பணம் வந்தால் சாமியின் சக்தி, வந்த பணத்தில் பாதி சாமிக்கு. வராவிட்டால் விரதத்தில் பழுது.

"என் தப்புதான் லா," என்றார் இரண்டாம் முறை வந்திருந்த ஐயாசாமி. "விரதத்துல தேங்காப்பால் சோறுதானேன்னு நாசி லெமாக் சாப்ட்டேன். ஓரமா ஒரு நெத்திலி கெடந்துச்சு."

பாவம் நெத்திலி. செத்த பிறகும் பழி சுமக்கிறது.

அவருக்கு முன்னால் ரூபேந்திரனும், அவன் கட்டிக்கொள்ளப் போகும் லோஷினியும். கல்யாண மண்டபத்துக்கு வைத்திருந்த முன்பணத்தில் மாப்பிள்ளை, கைப்பேசி விளையாட்டுக்காக ஒரு நெருப்பு வாள் வாங்கினார். பணம் போனது, வாள் வரவில்லை. சனிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் மண்டபம் கைவிட்டுப் போகும்.

"உன் வாளை முனி பிடிச்சு வெச்சிருக்கு. போனைத் திற," என்றார் சாமி.

லோஷினி ரூபேந்திரனின் போனை வாங்கிப் பூட்டியபடியே நீட்டினாள். "இப்படியே பூஜை பண்ணுங்க சாமி."

"பூட்டுன போன்ல சக்தி எறங்காதும்மா."

"முனியையே புடிக்கிற சாமிக்கு ஒரு பாஸ்வர்ட் தெரியாதா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். சாமி முகம் சுளித்து, ஐயாசாமியின் போனை வாங்கித் துணிக்குள் புகுந்தார். லோஷினி எட்டித் துணியை இழுத்தாள்.

உள்ளே மந்திரமும் இல்லை, முனியும் இல்லை. போனில், விளையாட்டுக் கம்பெனியிடம் பணம் திரும்பக் கேட்கும் பக்கம் திறந்திருந்தது. 'குழந்தை தெரியாமல் வாங்கிவிட்டது' என்ற காரணத்தின் மேல் சாமியின் விரல்.

"அலமாக்! எனக்கு ஏது லா புள்ள? இன்னும் கல்யாணமே ஆகல!" என்று அலறினார் ஐயாசாமி. "பொய்ய எழுதினா எவன் பணம் தருவான்? நான் நெத்திலிய திட்டிக்கிட்டு இருந்தேன்!"

"காசு கட்டின சாமான் வரலன்னா பணத்தக் கேக்கறது நம்ம உரிமை," என்றாள் லோஷினி. "உள்ளதச் சொல்லி நாமளே கேக்கலாம், சும்மாவே. பதில் வர சில நாள் ஆகும். அதான் இவரோட விரதம். கம்பெனி மறுத்தா, போய் முறையிடப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கு."

"அப்ப எங்ககிட்ட வாங்குன பாதிக்கு ரீஃபண்ட் எங்க சாமி?" என்று ஒரு குரல் கேட்டது. அதற்கு மட்டும் சாமியிடம் பூஜை இல்லை. பின்படிக்கட்டுத்தான் இருந்தது.

'வாள் வந்து சேரவில்லை' என்று லோஷினி அங்கேயே எழுதி அனுப்பினாள். பதில் வரும்வரை ரூபேந்திரனுக்குத் தினமும் நெத்திலிச் சம்பல் போட்டாள். வெள்ளிக்கிழமை பணம் வந்தது. மண்டபம் தப்பியது.

மறுநாள் காலை அவள் வீட்டு வாசலில் ஐயாசாமி, கையில் எலுமிச்சம்பழத்தோடு. "தாயே! என் போனையும் உங்க கையால தொட்டுக் குடுங்க!"

லோஷினி பழத்தை வாங்கி, பிழிந்து, சீனி போட்டு, ஐஸ் மிதக்க அவரிடமே நீட்டினாள்.

"குடிச்சிட்டு, மொதல்ல மூளையத் தொறங்கண்ணே. அதுக்குப் பாஸ்வர்ட் வேணாம்."