அண்ணாந்தாரும் அந்தரத்தில் நின்ற பியானோவும்

பயந்த சுபாவக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பல்லிக்குப் பயந்தவர், மாமியாருக்குப் பயந்தவர், மேனேஜர் லிஃப்டில் வருவார் என்று பயந்து ஏழு மாடியையும் படியில் ஏறியவர். ஆனால் பயப்படுவதையே முழுநேர உத்தியோகமாக வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகூட லீவு எடுக்காமல் பார்த்துவந்த ஒரே மனிதர், கள்ளிக்குப்பத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் அண்ணாந்தார்தான்.

கோயிலில் ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர் வேறு. எப்போதும் மேலே அண்ணாந்து பார்த்தபடியே நடப்பதால் எந்தப் புண்ணியவானோ வைத்த பெயர் இது. கேட்பதற்கு நாயன்மார் பெயர் மாதிரி மரியாதையாக இருந்ததால் அவரும் ஆட்சேபிக்கவில்லை.

நான் மதுரையிலிருந்து குடிவந்த அன்று, கேட்டைத் தாண்டி உள்ளே காலை வைத்ததும் சட்டைக் காலரைப் பிடித்து யாரோ பின்னால் இழுத்தார்கள்.

"மேல பாரு சார், மேல!"

பார்த்தேன். மூன்றாவது மாடி கைப்பிடிச் சுவரில் ஒரு துளசித் தொட்டி.

"அது அங்கதானே இருக்கு?" என்றேன்.

"மூணு வருசமா அங்கதான் கீது. இன்னிக்கும் அங்கயே இருக்கும்னு இன்னா கேரண்டி?"

அவரைத் தாண்டிப் போய்விட்டேன். ஆனால் அன்றிலிருந்து அந்தத் தொட்டிக்குக் கீழே நான் நடந்ததே இல்லை. அண்ணாந்தாரின் பயம் சளி மாதிரி. பக்கத்தில் நின்றாலே ஒட்டிக்கொள்ளும்.

தெருவில் அவர் ஓரமாக நடக்க மாட்டார். ஓரத்தில் சன்ஷேடு இருக்கும், போர்டு இருக்கும். நட்டநடுச் சாலைதான். பின்னால் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தால், "லாரி கீயத்தானே வருது, கண்ணால பாக்கலாம். மேலேர்ந்து வர்றத யாரு பாக்கறது?" என்பார். வேலப்பன்சாவடியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வந்தவர், கூரையில் தொங்கிய கண்ணாடிச் சரவிளக்கைப் பார்த்ததும் மேடையோரம் ஒதுங்கிவிட்டார். அந்தக் கல்யாண ஆல்பத்தில் இன்றைக்கும் அவருடைய முகவாய்க்கட்டை மட்டும்தான் இருக்கிறது.

மாடி வீட்டுக்காரன் கட்டில் ஒருநாள் தளத்தைப் பொத்துக்கொண்டு வரும் என்ற பயத்தில் கடைசி மாடியாகப் பார்த்து வாங்கியிருந்தார். பால் காய்ச்சிக் குடியேறிய பிறகுதான், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி தன் படுக்கையறைக்கு நேர் மேலே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அதிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் ஹாலில்தான் படுக்கை.

இத்தனைக்கும் காரணம் ஒரு பொம்மைப் படம் என்று அவருடைய மனைவி ஸ்டெல்லா அக்கா சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அண்ணாந்தார் சிரிக்கவில்லை.

"சொல்றேன் கேளு சார். எனுக்கு அப்போ ஏழு வயசு. அம்பத்தூர்ல எங்க கோயில் ஹால்ல, சாமியார் ஒரு மிசின வச்சி இங்லீசு பொம்மப் படம் போட்டாரு. கோட்டு போட்ட கரடி ஒண்ணு. அதோட பாலத் திருடிக் குடிக்கிற அணிலு ஒண்ணு. கரடி தொரத்துது, அணிலு ஓடுது. நாங்கல்லாம் உயுந்து உயுந்து சிரிக்கிறோம். அப்போ பத்து மாடி கட்டடத்துக்கு ஒரு பியானோவ கயிறு கட்டித் தூக்கிகினு கீறாங்க. அணிலு கயித்தக் கடிச்சிடிச்சி. கரடி கீய நிக்குது. அதோட காலாண்ட சின்னதா ஒரு நெழலு. அது பெருசாவுது. இன்னும் பெருசாவுது. கரடி மெதுவா தொப்பியத் தூக்கினு மேல பாக்குது…"

"அப்புறம்?"

"பிலிம் பத்திகிச்சி."

திரையில் கரடியின் முகம் நடுவில் பழுப்பாகி, ஓட்டை விழுந்து உருகியதாம். புகை. இருட்டு. பிள்ளைகள் அலறி அடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். அந்தப் படத்தை யாரும் மறுபடி போடவில்லை.

"அந்தப் பியானோ இன்னும் வரலியே சார்," என்றார், ரொம்ப மெதுவாக.

உடனே, இன்டர்நெட் இருக்கிற எல்லாருக்கும் வரும் வீராப்பு எனக்கும் வந்தது. அந்தப் படத்தைத் தேடிப் பிடிப்பது என்று கிளம்பினேன். கரடி, அணில், பியானோ என்று எப்படியெல்லாமோ தட்டிப் பார்த்து, பழைய ஹாலிவுட் கார்ட்டூன்களை யாரோ அள்ளிப் போட்டிருந்த ஓர் இடத்தில் கடைசியாக அது சிக்கியது. முழுப் படம். நான் மட்டும் தனியாகப் பார்க்க மனம் வரவில்லை. ஞாயிறு மதியம் இருவரையும் என் வீட்டுக்கு அழைத்தேன்.

அண்ணாந்தார் பூசைக்குப் போன வெள்ளைச் சட்டையோடு வந்தார். முதலில் ஃபேனை நிறுத்தச் சொன்னார். படத்தை டி.வி.யில் போட்டேன். கரடி வந்தது. அந்தக் காலத்துக் கைவேலை. கரடியின் வயிறு குலுங்குவதில்கூட ஒரு தாளம் இருந்தது. நான் சிரித்தேன், ஸ்டெல்லா அக்கா சிரித்தார். அண்ணாந்தார் மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

பியானோ ஏறியது. அணில் கயிற்றைக் கடித்தது. கரடியின் காலடியில் நிழல். அது பெரிதாகியது. கரடி தொப்பியைத் தூக்கி, மேலே பார்த்து…

படம் நின்றுவிட்டது. திரை நடுவில் ஒரு வெள்ளை வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"ஐயோ, நெட்டு!" என்று ரிமோட்டைத் தேடினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. என் மணிக்கட்டில் இருந்த பிடி தளர்ந்தது. திரும்பிப் பார்த்தால், அண்ணாந்தாரின் வெள்ளைச் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"எப்பவும் இவருக்கு இப்படித்தான்," என்றபடி தண்ணீர் எடுக்கப் போனார் ஸ்டெல்லா அக்கா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உதட்டில் ரத்தமே இல்லை. இடது கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

கீழே வந்து கிடைத்த ஆட்டோவில் ஏற்றினோம். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் வழக்கமான நெரிசல்.

"பெருசுக்கு இன்னா அண்ணாத்தே ஆச்சி?" என்றார் டிரைவர்.

"படம் பார்த்துக்கிட்டு இருந்தார்."

"பேய்ப் படமா?"

"இல்ல, பொம்மைப் படம்."

டிரைவர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அடுத்த நொடி வண்டியைப் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் செருகினார்.

மேம்பாலத்துக்கு அடியில் போகும்போது ஸ்டெல்லா அக்கா என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "தம்பி, பாலம் வருது, இவரு மேல பாக்கல. தம்பி, இவரு மேல பாக்கவே இல்ல!" என்று வாய்விட்டு அழ ஆரம்பித்தார். அண்ணாந்தாரின் தலை நெஞ்சின் மேல் தொங்கிக் கிடந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் குனிந்திருந்தார். அவ்வளவு பயத்தை அதற்கு முன்பு நான் அறிந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயசுக்காரர். இ.சி.ஜி. தாளைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது. "ஹார்ட் அட்டாக். உடனே ஸ்டென்ட் வைக்கணும். இந்த வலி இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

"வந்துகினேதான் இருந்திச்சி," என்றார் அண்ணாந்தார், ஈனக் குரலில். "பயத்துல வர்றதுன்னு நெனச்சிகினேன்."

ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார்கள். கதவுக்கு முன்னால் அவர் கை நீண்டு என் சட்டையைப் பிடித்தது.

"சார். அது உயுந்திச்சா?"

எனக்கும் தெரியாதே! நர்ஸைப் பார்த்தேன். "சிஸ்டர், ஒரே நிமிஷம்." அந்தப் பெண் என்ன நினைத்தாரோ, ஸ்ட்ரெச்சரை நிறுத்தினார். போனை எடுத்தேன். அந்தக் காலத்துக்காரர்கள் அந்தக் கரடியை என்ன செய்து வைத்திருக்கிறார்களோ! செத்துக் கித்துப் போயிருந்தால்? உள்ளே போகிற மனிதனுக்கு நான் காட்டுகிற கடைசிக் காட்சி அதுவாகிவிட்டால்? இருந்தாலும் அந்தப் பிடியை உதற முடியவில்லை. அவர் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தேன்.

பியானோ விழுந்தது. உலகத்தில் உள்ள எல்லாப் பாத்திரங்களும் ஒன்றாக உருண்ட மாதிரி சத்தம். தூசு அடங்கியதும், கரடி ரோட்டில் பாய் விரித்த மாதிரி ஒட்டிக் கிடந்தது. அசைவில்லை. பிறகு பாயின் ஒரு மூலை மெல்ல உரிந்தது. கரடி எழுந்தது, கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டது, நடந்தது. ஒவ்வொரு அடிக்கும் அதன் வயிற்றிலிருந்து ஒரு சுரம். ச, ரி, க, ம. அணில் கை தட்டியது. நர்ஸ் கிளுக்கென்று சிரித்துவிட்டார்.

அண்ணாந்தார் கண் கொட்டாமல் பார்த்தார்.

"சாவலியா?"

"சாகல சார்."

"இத்த சொல்றதுக்கு அன்னிக்கு ஒரு ஆள் இல்லாம பூட்டாங்களே சார்," என்றார். கதவு மூடிக்கொண்டது.

ஸ்டெல்லா அக்கா ஜெபமாலையை உருட்டினார். எனக்கு ஜெபம் தெரியாது. அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் வெளியே வந்து, பிழைத்துவிட்டார் என்று சொன்னதும், ஸ்டெல்லா அக்காவுக்கு ஒரு டீ வாங்கிவந்தேன்.

பிழைத்து வந்த பிறகாவது மாறினாரா என்கிறீர்களா? எங்கே! "கரடி பொழச்சிது, சரி. அது பொம்ம சார். நான் இன்னா பொம்மயா?" என்கிறார். போதாக்குறைக்கு நெஞ்சுக்குள் வைத்த கம்பிச்சுருள் தும்மினால் கழன்றுவிடும் என்று புதுப் பயம் வேறு. தும்மல் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மொத்த மாடியும் கேட்கிற மாதிரி யேசுவைக் கூப்பிடுகிறார்.

போன மாசம் என் கழுத்தில் சின்னதாக ஒரு கட்டி. ஊசியால் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ரிசல்ட் நல்லபடியாகத்தான் வந்தது. ஆனால் அதை வாங்கப் போன காலையில் எனக்கு அது தெரியாதே. ஆபீஸில், வீட்டில், போனில், எல்லாரும் "ஒண்ணும் இருக்காது, தைரியமா போ" என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார்ந்தால், எனக்கு முன்பே அங்கே அண்ணாந்தார். சொல்லாமல் கொள்ளாமல் பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

"பயமா கீதா சார்?"

"ஆமா சார்."

"எனுக்கும் பயமாத்தான் கீது," என்று என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவர் கை சில்லிட்டிருந்தது. என் பெயரை அவர்கள் கூப்பிடும்வரை, எனக்கும் சேர்த்து அவரே பயந்துகொண்டிருந்தார்.