நிகுதி அண்ணனும் கோழி வண்டியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். ஜெபித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கல்யாணக் காரில் போகும் மாப்பிள்ளையையும் கடத்தல் சரக்கோ என்று நினைக்கக்கூடிய ஒரே மனிதர், எங்கள் உதியன்குளங்கரை நிகுதி அண்ணன். நிகுதி என்றால் எங்கள் பக்கம் வரி. அவர் ஆபீசர் அல்ல. தொண்ணூறுகளில் செக்போஸ்டுக்குத் தப்பி, தமிழ்நாட்டுக் கோழிகள் வரி கட்டாமல் எந்தெந்த ஊடுவழியாகக் கேரளத்துக்குள் வருகின்றன என்று சொந்தச் செலவில் ஆராய்ச்சி செய்தார். சைக்கிளில் போய், பாதையில் கிடக்கும் இறகுகளைப் பொறுக்கி முகர்ந்து பார்ப்பார்.

சபையின் அறுப்புப் பண்டிகையில் காணிக்கைக் கோழியை ஏலம் விட்டபோதும் எழுந்து நின்றார்.

"இது எந்த வழி வந்த கோழி?"

"எங்க கூட்டிலிருந்து நடந்து வந்ததாக்கும்," என்றார் கோழி கொடுத்த தங்கம் அக்கா.

"ஏலத்துக்கு நிகுதி?"

"அத கர்த்தர்ட்ட கேளு."

"கேக்கேன். அவரு ரசீது தருவாரா?"

என் மனைவிக்குப் பிரசவ நோவு கண்ட அன்று பெரிய ரோட்டில் லாரிக்காரர்கள் மறியல். முதல் பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள். காரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு வழியில்லாமல் திரும்பிய எங்கள் ஜீப்பை நிகுதி அண்ணன் மறித்தார்.

"எலே, படுதா எதுக்கு? உள்ள என்ன உண்டு?"

"பிள்ளத்தாச்சி உண்டு, அண்ணே."

தலையை உள்ளே விட்டார். அவள் முனகினாள். அப்போதும் சீட்டுக்கடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, சைக்கிளை ஓடையில் தள்ளி முன்சீட்டில் ஏறினார்.

"கோழிக்காரன்மாருக்க வழி எனக்குத் தெரியும். விடு மக்கா."

ரப்பர் தோட்டத்துக்குள்ளும் யார் யார் வீட்டு முற்றத்திலும் ஜீப் போயிற்று. நடுவழியில் எதிரே ஒரு கோழி வண்டி. நம்பர் பலகையில் சாணி. மாதக்கணக்காக அவர் தேடிய வண்டி அதுதான். விலக இடமில்லை. அவரைக் கண்டதும் அதன் டிரைவர் குதித்து ஓடப் பார்த்தான்.

"ஓடாதேலே. வண்டிய பின்னால எடு."

"பிடிச்சுக் குடுப்பீரோ அண்ணே?"

"பிள்ளத்தாச்சி போணும். நான் உன்னக் காணல்ல."

சொன்னதோடு கண்களை இறுக மூடிக்கொண்டார். அந்த வண்டியைக் கடக்கும்வரை திறக்கவே இல்லை. "இனி இடப்பக்கம்," என்று கண்ணை மூடியபடியே வழி சொன்னார்.

மகள் சுகமாகப் பிறந்தாள்.

அந்த டிரைவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. காசு வாங்கித்தான் நிகுதி அண்ணன் கோழி வண்டியை விட்டார் என்று ஊர் பேசியது. நடந்ததைச் சொல்லப்போன என்னையும், "உனக்கு எத்தன கோழி கிடைச்சுது?" என்று கேட்டார்கள். அவரோ கடைசிவரை ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.

வாசிக்கிறவர்கள் இதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் நாலு பேரிடம் சொல்லுங்கள். என் மகள் இன்றும் படுக்கும்முன் 'நிகுதி மாமா'வுக்காக நன்றி சொல்கிறாள். அவருடைய சொந்தப் பெயர் அவளுக்குத் தெரியாது. கர்த்தருக்கு ஆளைத் தெரியும்.