இலைக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுச் சொல்

வேர்ச்சொல்லர் என்றொரு இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். "பசிக்குது" என்றால் சோறு போடமாட்டார். பசி என்ற சொல்லின் பிறப்பைச் சொல்வார். காலையில் கைபேசி அகராதியில் படித்ததைப் பொழுது சாய்வதற்குள் யார் தலையிலாவது இறக்கிவிட்டுத்தான் மறுவேலை. இடைசெவல் நந்தகோபால் அந்த இனத்தில் முதல் தரம். பருத்திக்கு மருந்தடிக்கும்போதுகூடப் பூச்சியின் பெயருக்கு லத்தீன் மூலம் தேடுகிறவர்.

போன ஆவணியில் அவர் மகள் சுந்தரேஸ்வரியைப் பெண் கேட்டுக் கயத்தாறிலிருந்து வந்தார் மாப்பிள்ளையின் தகப்பனார் கருத்தையா. ஏற்கெனவே மூன்று வரன் தட்டிப்போன வீடு. சம்பந்தம் பிடித்தால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். கருத்தையா நனைத்துவிட்டார். அதுவும் எப்படி! நான்காவது உளுந்தவடையைப் பாயசத்தில் முக்கிக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் பிரெஞ்சுல ஒரு சொல்லு இருக்கு அண்ணாச்சி. குர்மான்!" என்றார் நந்தகோபால்.

"அப்படின்னா?"

"சாப்பாட்டுல பிரியமுள்ளவர்."

இங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவர் வேர்ச்சொல்லரா?

"ஆனா, பழைய பொருள் வேற. பெருந்தீனிக்காரன்!"

கருத்தையாவின் கை இலையை விட்டு எழுந்தது.

"கூப்பிட்டு உக்கார வச்சு, நான் திங்கதையா எண்ணுதீங்க?"

கதவோரம் நின்ற சுந்தரேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது. நந்தகோபாலுக்கு வேர்த்துக் கொட்டியது. சமாதானச் சொல் தேடிக் கைபேசி அகராதியைத் திறந்தார்.

அவர் மனைவி செல்வலட்சுமி வடைத்தட்டோடு வந்தாள்.

"ஏங்க, அந்தச் சொல்லு எங்கன பிறந்துச்சு?"

"அதுதான்... யாருக்கும் சரியாத் தெரியல."

"ஊரு தெரியாது, தாய் தகப்பன் தெரியாது. பொண்ணு பேசுத நாளுல அத எதுக்கு வீட்டுக்குள்ள கூட்டியாந்தீங்க?"

கருத்தையாவுக்குப் புரையேறியது. சிரிப்புத்தான், தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை.

"தங்கச்சி, எனக்கு ஒரு வடை வையி. சம்பந்தி வாயில ரெண்டு வையி!"

கை இலைக்குத் திரும்பியது. அன்றைக்கே தை மாதத்தில் முகூர்த்தம் பார்த்துவிட்டார்கள்.

சிரித்தீர்களா? நல்லது. ஆனால், 'சம்பந்தி வடசொல்லாயிற்றே, கதை சொல்கிற இவன் கவனிக்கவில்லையே' என்று உங்கள் நாக்கு துறுதுறுத்ததே, அதை நானும் கவனித்தேன். எதிரே யாராவது சாப்பிட உட்கார்ந்திருந்தால், கொஞ்சம் பொறுங்கள். அவர் கைகழுவி வரட்டும்.