மாமன் கொண்டுவந்த படி

“காணாதுலே,” என்றாள் அழகுத்தாய்.

படகுக்குள் ஸ்டூலை வைத்துவிட்டு நிமிர்ந்த சமுத்திரமும் பார்த்தார். உயரம் காணத்தான் இல்லை. துறையின் சிமெண்டுத் தளத்துக்குக் கீழே படகின் பலகை இடுப்பளவு பள்ளத்தில் கிடந்தது. ஸ்டூலோ முழங்கால் உயரம்.

“பட்டுச்சேலை, நகைநட்டோட நிக்கிற பிள்ள, இதுல எப்பிடிலே காலை வப்பா? படகுல ஏறுவாளா, பல்லு ஒடஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போவாளா?”

“கொஞ்சம் எட்டி வச்சா…”

“நீ எட்டி வையி பாப்போம்.”

சமுத்திரம் எட்டி வைக்கவில்லை. பேர்தான் சமுத்திரமே தவிர, அண்டாத் தண்ணீரை எட்டிப் பார்த்தாலும் அவருக்குத் தலை சுற்றும். துறைக்கு வந்ததிலிருந்து படகின் பலகையைத் தவிர வேறெதையும் அவர் பார்க்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் செண்பகத்தோப்பு போகிற பாதையில் ஒரு தென்னந்தோப்பு. நடுவில் குளம், அக்கரையில் கல்யாண மண்டபம். அழகுத்தாய் மகள் மாரிச்செல்விக்கு வெள்ளிக்கிழமை அங்கேதான் முகூர்த்தம். பெண் படகில்தான் வர வேண்டும் என்று போட்டோக்காரர் ஒரே பிடியாக நின்றுவிட்டார். துறை கட்டின மகராசனோ படத்தில் அழகாக விழாது என்று படியே கட்டாமல் விட்டிருந்தார்.

படகில் பெண்ணைக் கைபிடித்து இறக்க வேண்டியவன் தாய்மாமன். யார் கை பிடிக்கிறானோ அவனுக்குத்தான் முதல் மாலை. மாரிச்செல்விக்கோ மாமன் இரண்டு பேர். மூத்தவர் சமுத்திரம், இளையவன் பேச்சிமுத்து. சடங்கு வீட்டுக்குச் சமுத்திரம் பிந்தி வந்ததால் அன்றைக்கு மாலை தம்பி கழுத்துக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் அக்கா முகம் கொடுத்துப் பேசியதே இப்போதுதான்.

“தூக்கிட்டு வந்து வச்சிட்டு, வேலை முடிஞ்சதும் தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு படி. இது கூட ஒன்னால ஆகலன்னா சொல்லிரு. பேச்சிமுத்து பாத்துக்கிடுவான்.”

“நாளைக்கே கொண்டாறேங்கா.”

தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் இசக்கிமுத்து மண்வெட்டியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

“நல்ல ஸ்டூலுதான் அண்ணாச்சி,” என்றான் ஆறுதலாக.

“நல்ல ஸ்டூலுதாம்லே. காணலையே!”

சமுத்திரம் இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனி சூப்பர்வைசர். கர்ச்சீப் இல்லாமல் கூட வெளியே போவார், காஜ் துணி இல்லாமல் போக மாட்டார். பையிலிருந்து ஒரு நீளத்தை உருவி, பள்ளத்தை அளந்து, முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பந்தல் கடையில் முடிச்சுக்குச் சரியாக ஓர் இரும்புப் படி கிடைத்தது. மேடைக்குப் போடுகிற படி. அதைச் சுமந்துகொண்டு பஸ் ஏறினார்.

“பஸ்ஸில ஏறுததுக்குப் படி வீட்லருந்தே கொண்டாந்துட்டியளாக்கும்?” என்றார் கண்டக்டர்.

“படகுல எறங்குததுக்குய்யா.”

“இந்த பஸ்ஸு படகுக்கெல்லாம் போகாது. லக்கேஜ் டிக்கெட் எடுங்க.”

துறையில் படியை இறக்கி வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார். படியின் தலை, துறைக்கு மேலே தொடையளவு நீட்டிக்கொண்டிருந்தது. பள்ளம் இன்றைக்கு முழங்கால் ஆழம்தான்!

“என்ன மாமா இது?” மாரிச்செல்வி வாயைப் பொத்திச் சிரித்தாள். “மொதல்ல மேல ஏறி, பொறவு கீழ எறங்கணுமா?”

“நேத்து அளந்தேனே தாயி!”

இசக்கிமுத்து மோவாயைத் தடவினான். “இதத்தான் வப்பியளா அண்ணாச்சி?”

“பின்ன? சொமந்து வந்துட்டம்லா!”

“சரி, சரி,” என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

வீட்டில் பெண்டாட்டி அய்யம்மாள் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“புண்ணுக்குக் கட்டுற துணிய வச்சா அளப்பாக? இழுத்தா நீளும், விட்டாச் சுருங்கும். ஒங்களை மாதிரியே.”

“அப்ப ஸ்டூலுதான் சரியான அளவோ?”

“அதத்தான் மொதல்லயே கொண்டு போனிய. ஒங்களுக்கே நீங்க செய்யிறதுல நம்பிக்கை இல்ல.”

அடுத்த நாள் இரும்புப் படியை வீட்டில் போட்டுவிட்டு, ஸ்டூலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். படகில் வைத்தார். பள்ளம் மறுபடியும் இடுப்பளவு.

சமுத்திரம் தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். இடுப்பையும் தொட்டுப் பார்த்தார். இரண்டும் இருந்த இடத்தில்தான் இருந்தன.

“ஏங்கா, இது அதே படகுதான?”

“இல்லலே, கப்பலு. ஒனக்காக விட்டிருக்காக.” அழகுத்தாய் போனை எடுத்தாள். “ஏலே பேச்சி, நாளைக்கு வெள்ளனவே வந்துரு. இந்தப் பய ஒவ்வொரு நாளும் ஒவ்வொண்ணாத் தூக்கிட்டு வாரான். இவனுக்கு என்னமோ ஆயிப் போச்சு.”

“அக்கா, அக்கா! இரு, போனை வையி. நாளைக்கு ரெண்டு படியும் கொண்டாறேன்!”

“ரெண்டுமா அண்ணாச்சி?” என்றான் இசக்கிமுத்து.

“ஆமாலே, ரெண்டும்! எந்தப் பிசாசு இந்தப் படகை ஏத்தி எறக்குதுன்னு பாத்துருதேன்!”

இசக்கிமுத்து விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டான்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு குட்டியானை வண்டியில் இரும்புப் படியும் ஸ்டூலும் வந்து இறங்கின. சமுத்திரம் புது வேட்டியில், எவனும் என்னை அசைக்க முடியாது என்று நடந்து வந்தார். துறை விளிம்புக்கு வந்ததும் அசைந்துவிட்டார்.

படகு நெஞ்சாழத்தில் கிடந்தது.

இரும்புப் படியை வைத்தார். உயரம் காணவில்லை. அதன்மேல் ஸ்டூலை வைத்தார். அது நாலு காலும் நாலு திசைக்கு ஆடியது. போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டார். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கினார். மேளம் மட்டும் விஷயம் தெரியாமல் அடித்துக்கொண்டிருந்தது.

“நேரம் போகுதுலே!” கையில் மாலையோடு அழகுத்தாய் பதறினாள். “பேச்சி, நீ எறங்கு.”

பேச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டத் தொடங்கினான்.

சமுத்திரம் அவனைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். முதல் தடவையாகத் தண்ணீரைப் பார்த்தார். தலை சுற்றியது. சுற்றட்டும் என்று இரண்டு படியையும் தூக்கித் துறையில் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு படகுக்குள் குதித்தார். படகு ஒரு ஆட்டம் ஆடி நின்றது. அவரும் நின்றார். இரண்டு கையையும் மேலே நீட்டினார்.

“வா தாயி.”

“விட்டுற மாட்டியளே மாமா?”

“நீ பெறந்தன்னைக்கு ஒன்னைய மொதல்ல தூக்குனது யாரு?”

“யாரு?”

“ஒங்க சின்ன மாமன்தான். அன்னைக்கும் நான் பிந்தித்தான் வந்தேன். இன்னைக்கு விட மாட்டேன், வா.”

மாரிச்செல்வி சிரித்துக்கொண்டே சாய்ந்தாள். பட்டு கசங்காமல், கொலுசு சிக்காமல் அவளை அப்படியே தூக்கிப் படகில் நிறுத்தினார் சமுத்திரம். கூட்டம் கைதட்டியது. நாதஸ்வரம் மறுபடியும் எழுந்தது.

அழகுத்தாய் துறையில் மண்டியிட்டுக் குனிந்து தம்பி கழுத்தில் மாலையைப் போட்டாள். “தண்ணிக்குப் பயந்த பய,” என்றபடி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

துறையில் அநாதையாகக் கிடந்த இரண்டு படிகளையும் பார்த்து இசக்கிமுத்துவுக்கு மனசு விட்டுப் போயிற்று.

“என்ன அண்ணாச்சி இப்பிடிப் பண்ணிட்டிய? மொத நா ஒங்க ஸ்டூலுக்குத் தக்கன வாய்க்காலைத் தொறந்து கொளத்தை ஏத்துனேன். மறுநா இரும்புப் படிக்குத் தக்கன தோப்புக்குப் பாய்ச்சி எறக்குனேன். இன்னைக்கு ரெண்டும் வருதுன்னியளேன்னு, ஒண்ணு மேல ஒண்ணு வைக்கக் கணக்குப் பண்ணி நெஞ்சளவுக்கு எறக்கி வச்சிருக்கேன். ஒரு நாளாவது நான் வச்ச தண்ணிக்கு நீங்க படி வச்சு எறங்குனியளா?”