காணாமல் போன ஒன்பதாம் அத்தியாயம்

அன்பு மைத்துனனுக்கு, உன் அக்காவைக் கட்டியவன் பல ஆசிகளுடன் எழுதுவது.

இங்கே நான் சுகம். உன் அக்கா சுகமா என்பது அவள் வாய் திறந்தால்தான் தெரியும். மூன்று நாளாக என்னோடு பேச்சு இல்லை. அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்பது ஒரு மரியாதைக்கு. ரயிலில் முப்பத்தொரு வருடம் டிக்கெட் பரிசோதித்தவன் எதையும் வாங்கிப் பார்க்காமல் நம்புவதில்லை என்பது உனக்கே தெரியும். இதைக் கையால் எழுதுகிறேன், ஏனென்றால் விஷயமே கம்ப்யூட்டரைப் பற்றியது.

இரண்டு வருடம் முன்பு நீதான் வந்து, "அத்தான், உங்களுக்கு விண்டோஸ், அக்காவுக்கு லினக்ஸ். ஆன் பண்ணதும் ரெண்டும் லிஸ்ட்ல வரும், வேணுங்கறதை அமுக்குங்க, சண்டையே வராது" என்று ஒரே பெட்டிக்குள் இரண்டையும் வைத்துவிட்டுப் போனாய். ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்காது என்று அன்றே சொன்னேன். போதாததற்கு அவள் பக்கத்துக்கு ஒரு பாஸ்வேர்டு. தையல் வகுப்பு நடத்துகிறவளுக்கு எதற்கய்யா ரகசியம்? சட்டைக் கழுத்தின் அளவை யார் திருடப் போகிறார்கள்? கேட்டதற்கு நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

போன வாரம் ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. தெருமுனை ரிப்பேர்க்காரர், "இது இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு சார். புதுசுல அப்படியே காப்பி பண்ணி மாட்டிடலாம், இதைத் தூக்கிப் போட்ருங்க" என்றார். தூக்கிப் போடுவதா? நான் போட்டால் அவர் எடுத்துக்கொள்ள மாட்டாரா? அதில் என் வேலை அனுபவங்கள் எட்டு அத்தியாயம் இருக்கிறது! காப்பி ஓடிய நாலு மணி நேரமும் அவர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவர் டீ குடிக்கப் போனார், கூடவே போனேன். கடைசியில் பழையதையும் அதே பெட்டிக்குள் ஒயரோடு மாட்டச் சொல்லிவிட்டேன். அதன் டிக் டிக் காதில் விழுந்தால்தான் எனக்கு நிம்மதி. "வேணாம் சார், குழப்பம் வரும்" என்று தலையில் அடித்துக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்!

திங்கட்கிழமை ஆன் செய்தால் லிஸ்டைக் காணோம். நேரே உன் அக்கா பக்கம் போய் நின்று பாஸ்வேர்டு கேட்கிறது. இதனால் யாருக்கு லாபம், நீயே யோசி. ரிப்பேர்க்காரர் வீட்டுக்கு வந்து ஒரு பென்டிரைவைச் செருகி, ஏதேதோ தட்டி லிஸ்டை வரவழைத்தார். உன் அக்கா அவருக்குக் காபி கொடுத்தாள், அதுவும் எனக்குக் கொடுப்பதைவிடப் பெரிய டம்ளரில். மனதில் குறித்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை ஒன்பதாம் அத்தியாயத்தை அடித்து முடித்தேன். அது உன் அக்காவை நான் முதன்முதலில் பார்த்த கதை. ஓடும் வண்டியில் டிக்கெட் கேட்டேன், "இருக்கு, தேடறேன்" என்றாள், நான் நம்பவில்லை, அபராதச் சீட்டு கிழித்துக் கொடுத்த பிறகு பையின் அடியிலிருந்து டிக்கெட்டை எடுத்து நீட்டினாள். புதன்கிழமை திறந்தால் எட்டு இருக்கிறது, ஒன்பது இல்லை! அந்தக் கதை வெளியே வந்தால் வேறு யாருக்குக் கூச்சம்? "நீதானே அழிச்சே?" என்று கேட்டுவிட்டேன். "நேத்து நான் வரைஞ்ச பேட்டர்னும்தான் காணோம், நான் யாரைப் போய் கேக்கறது?" என்றாள். நாடகம் என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். அவள் முகம் செத்துப்போயிற்று. இப்போது முன்னறையில் சூட்கேஸ் நிற்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறாளாம், திரும்புவதைப் பற்றி அப்புறம் யோசிப்பாளாம். இதையும் என்னிடம் சொல்லவில்லை; என் காதுபடக் காய்கறிக்காரரிடம் சொன்னாள்.

ஆகவே, வந்தால் நன்றாகக் கவனி, ஆனால் மெதுவாக விசாரித்து உண்மையைக் கக்க வை. அந்தப் பாஸ்வேர்டையும் வாங்கி எழுது. பிறகு எப்படியாவது திருப்பி அனுப்பு. அவளுடைய தையல் மெஷின் ஓடாத வீட்டில் எனக்கு மத்தியானத் தூக்கம்கூட வருவதில்லை.

நீயும் உன் குடும்பமும் கண்டவரையும் நம்பாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது ரிப்பேர்க்காரர் வந்து நின்றார். உன் அக்கா கூப்பிட்டாளாம். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "காப்பி எடுத்ததால ரெண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாள நம்பர் சார். பழசு ஒரு நாள் முழிக்குது, ஒரு நாள் முழிக்கல. முழிச்ச அன்னிக்கு எழுதினது அதுலயே தங்கிடுது, மத்த நாள் புதுசு திறக்குது. யாரும் எதையும் அழிக்கல" என்றார். ஒரே டிக்கெட்டில் இரண்டு பேர்! ஏற்றிவிட்டவன் நான். ஒன்பதாம் அத்தியாயம் பழையதில் ஓர் எழுத்துக் குறையாமல் இருந்தது. உன் அக்கா நின்றபடியே முழுவதையும் படித்தாள். "அன்னிக்கும் டிக்கெட் என்கிட்டதான் இருந்துச்சு" என்றாள். அதற்கு நான் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்டதில்லை, அத்தியாயத்திலும் இல்லை. இரண்டுக்கும் சேர்த்து இன்று கேட்டேன். அவள் போய்ச் சூட்கேஸைத் திறந்தாள். "உங்க சட்டையும் ரெண்டு எடுத்து வைக்கட்டுமா?" என்றாள்.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக எண்ணிக்கொள். வெள்ளிக்கிழமை இருவரும் வருகிறோம். சாயங்காலம் அவளே போய் டிக்கெட் எடுத்து வந்தாள். இரண்டும் அவள் பையில் இருக்கிறதாம். நான் வாங்கிப் பார்க்கவில்லை.