வெண்ணெய் தின்றும் இளைத்த எலி

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, மகள், அவளுடைய ஆய்வுக்கூடத்து எலிகள் எல்லோரும் சுகம், ஓர் எலியைத் தவிர. அங்கே உன் சுகத்தையும் அத்தானுடைய முழங்காலின் சுகத்தையும் அறிய ஆவல். இதைப் படிக்கும்போது அத்தான் பக்கத்தில் இருந்தால், தயவுசெய்து அவரைக் கடைக்கு அனுப்பிவிடு.

விஷயத்துக்கு வருகிறேன். என் ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டதென்று பரிசோதனையில் தெரிந்ததிலிருந்து, என் மனைவியும் மகளும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு, வேகவைத்த காயைத் தவிர வேறெதையும் என் கண்ணில் காட்டுவதில்லை. அதிலும் உப்பு கிடையாது. போதாததற்கு, மகளுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகும் வேலையையும் என் தலையில் கட்டினார்கள். அங்கேதான் வந்தது வினை. அவளுடைய ஆராய்ச்சி ரத்தக்குழாய் அடைப்பைப் பற்றியது. சாதாரண எலி எவ்வளவு வெண்ணெய் தின்றாலும் அதற்கு லேசில் அடைக்காதாம். பிறந்தால் அப்படிப் பிறக்க வேண்டும் அக்கா! ஆகவே, ரத்தத்திலிருந்து கொழுப்பை அகற்ற உதவும் ஒரு மரபணுவை நீக்கி, நம்மைப் போலவே அடைத்துக்கொள்ளும் எலிகளை உண்டாக்கி, அவற்றுக்கு வெண்ணெய்த் தீனி கொடுத்து, உள்ளே என்ன ஆகிறதென்று பார்க்கிறார்கள். அடைக்க வேண்டுமென்றே எலிக்கு வெண்ணெய், அடைத்துவிடுமோ என்று எனக்கு வெறும் காய். இது எந்த ஊர் நியாயம்?

ஒவ்வொரு கூண்டுக்கும் தீனியை நிறுத்துக் கிண்ணங்களில் வைத்துவிட்டு, மேலங்கியும் கையுறையும் மாட்டிக்கொள்ள அவள் உள்ளே போவாள். நான் வெளியறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். கிண்ணம் என் மூக்குக்கு நேரே. என்ன வாசனை தெரியுமா? முதல் நாள் ஒரே ஒரு துண்டு. பிஸ்கட் மாதிரி கரைஞ்சுது. மறுநாள் ரெண்டு. அப்புறம் கை தானாப் போக ஆரம்பிச்சிடுச்சு. எப்பவும் ஓரத்துக் கிண்ணம்தான் அக்கா, எல்லா எலி வயித்துலயும் அடிக்கக்கூடாது இல்லையா?

இப்போ என்ன ஆச்சுன்னா, நிறுத்து வெச்ச தீனி அத்தனையும் காலி, அந்த ஓரத்துக் கூண்டு எலி மட்டும் இளைச்சுக்கிட்டே போகுது. அவளோட பேராசிரியர் துள்ளிக் குதிச்சாராம். "இவ்வளவு வெண்ணெய் தின்னும் இளைக்குதே! இது எலி இல்லம்மா, பொக்கிஷம்!" பெரிய பெரிய விஞ்ஞானிங்க கூடற கூட்டத்துல என் பொண்ணு மேடையேறி இதைப் பத்திப் பேசணுமாம். வீட்டுல என் மனைவி, "ஏங்க, வெறும் காயைத் தின்னுட்டு எப்படிங்க பேன்ட் பொத்தான் போட முடியாமப் போச்சு?"ன்னு கேக்கறா. பொண்ணு, "அங்க எலி இளைக்குது, இங்க அப்பா ஊதுறார், எனக்கு ஒண்ணுமே புரியலையே"ன்னு தலையைப் பிடிச்சுக்கிட்டா. எனக்குப் புரியுது, சொல்ல வாய் வரல. ராப்பகலா உழைச்ச பொண்ணு, என் நாக்கால மேடையில அவ மானம் போயிடுமே அக்கா!

ஆகவே, அத்தை என்கிற முறையில் நீயே போன் போட்டு அவளிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. அவள் கோபம் அடங்கும்வரை நான் உன் வீட்டில் தங்குகிறேன். வறுத்தது பொரித்தது எல்லாம் தயாராக இருக்கட்டும். அலமாரி மேல்தட்டில் அத்தானுக்குத் தெரியாமல் நீ ஒளித்துவைத்திருக்கும் நொறுக்குத்தீனி டப்பாவிலும் எனக்குப் பங்கு வேண்டும்.

குழந்தைகள் நீடூழி வாழட்டும். அத்தானின் முழங்கால் மாடிப்படிகளைத் தாவி ஏறட்டும்.

இப்படிக்கு,
பசியோடு உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் மகள் வந்துவிட்டாள். அவளுக்குப் போன வாரமே தெரியுமாம்! என் மீசையில் தீனித் தூள் இருந்ததாம். அன்றைக்கே பேராசிரியரிடம் சொல்லி, அந்த எலியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, எனக்கென்று ஓரத்துக் கிண்ணத்தில் வெறும் தவிட்டுத் தீனி வைத்திருக்கிறாள். ருசி குறையுதேன்னு அப்பவே நெனைச்சேன். பேராசிரியர்தான் பாவம், ரெண்டு நாள் சாப்பிடவே இல்லையாம். நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன். "அப்பா, அந்த எலி போனா இன்னொரு எலி வரும். நீங்க போனா நான் எங்க போவேன்?" என்று அவள் அழுதுவிட்டாள். நானும் அழுதுவிட்டேன். ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. போன் வேண்டாம், எதையும் பொரிக்கவும் வேண்டாம். உனக்கும் எனக்கும் ஓடுவது ஒரே ரத்தம் என்பதால் உன்னையும் பரிசோதித்தே ஆகவேண்டும் என்று அவள் என்னோடு கிளம்பி வருகிறாள். டப்பா இருக்குமிடத்தை நான் சொல்லிவிட்டேன் அக்கா, மன்னித்துவிடு.