அனுமதியின்றி நிற்கும் பகுதி

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்த இடத்தில் வைக்கத் தகுந்தது 'குழு'. நெருப்பு அணைந்துவிடும், சக்கரம் உருண்டு போய்விடும். குழு அப்படியல்ல. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். எங்கள் நகரத்துப் பழங்கட்டடப் பாதுகாப்புக் குழுவின் செயலாளராகப் பதினொரு ஆண்டுகள் உட்கார்ந்திருக்கும் பேறு பெற்றவன் நான். நாங்கள் பாதுகாத்த கட்டடங்களில் தலைசிறந்தது பழைய கிடங்கு. அதைப் பாதுகாத்த வரலாற்றை வருங்காலத் தலைமுறைக்காக இங்கே பதிவு செய்கிறேன்.

கிடங்கின் வயது நூற்று நாற்பது. முதலில் அதில் உப்பு வைத்தார்கள். உப்பு சுவரைத் தின்னத் தொடங்கியதும் பஞ்சு வைத்தார்கள். பஞ்சு ஒருமுறை தீப்பிடித்ததும் அரசாங்கக் கோப்புகளை வைத்தார்கள். கோப்புகளைக் கறையான் தின்றது. தின்ற விவரம் ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது, ஏனென்றால் அதுவரை எந்தக் கோப்பையும் யாரும் கேட்கவில்லை. அதன்பின் கொஞ்ச நாள் நாடகக்காரர்களின் அட்டை அரண்மனைகள் இருந்தன. கடைசியாக என் மச்சான் வந்தார்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். தச்சர். ஊரில் யார் வீட்டு நாற்காலிக்குக் கால் உடைந்தாலும் அது நேரே கிடங்குக்குத்தான் வரும். நடுக்கூடத்தில் அவருடைய பட்டறை. தென்கோடி அறையில் அவரும் அக்காவும் குடித்தனம். அக்கா என்று நான் சொல்வது அவர் மனைவியை. இருபது ஆண்டுகளாக, மழைக்காலத்துக்கு முன்பு மச்சான் கூரைமேல் ஏறி உடைந்த ஓடுகளை மாற்றுவார். சுவரில் ஓட்டை தெரிந்தால் சுண்ணாம்பு வைத்து அடைப்பார். ஓடுகளைத் தாங்கும் கைமரம் உளுத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு வேறு கட்டை போடுவார். இதையெல்லாம் யாரையும் கேட்காமலே செய்தார். இது குற்றம் என்பது அப்போது அவருக்கும் தெரியாது, கட்டடத்துக்கும் தெரியாது.

ஒருநாள் மச்சான் வீட்டுக்கு வந்தார். எங்கள் நாற்காலியை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். கிடங்கை இடித்துவிட்டு அங்கே கார் நிறுத்த ஏழு மாடி கட்டப்போகிறார்களாம். ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போய்விட்டார்களாம். அக்கா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

"குழு குழுன்னு சொல்லுவீங்களே மாப்ள, அது எதுக்காச்சும் உதவுமா?" என்று கேட்டார்.

மனைவி கதவருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அண்ணன் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது. என்னிடம் விட்டுவிடுங்கள் என்றேன். அவரும் விட்டுவிட்டார். இன்றைக்கும் என் நெஞ்சை அறுப்பது அதுதான்.

குழு பார்வையிட வந்தது. எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற உயர் அதிகாரி. சுவரை உணர்ச்சியோடு தடவினார். ஒரு பிடி சுண்ணாம்புக் காரை கையோடு வந்துவிட்டது. 'வரலாறே என் கைக்கு வந்துவிட்டது' என்று தழுதழுத்தவர், அதைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப்போனார். அடுத்த மாதமே கிடங்கு 'பாதுகாக்கப்பட்ட பாரம்பரியச் சின்னம்' ஆயிற்று. ஏழு மாடி வேறு தெருவுக்குப் போய்விட்டது. அன்று அக்கா எனக்குத் தட்டு நிறையப் பரிமாறினார். மனைவி என்னைப் பார்த்து 'பரவாயில்லை' என்றாள். எங்கள் வீட்டில் அது பொன்னாடைக்குச் சமம்.

அடுத்து, பாதுகாப்பு ஆரம்பமாயிற்று.

பாதுகாப்பு விதிகள் மொத்தம் முப்பத்தாறு. நான்தான் படியெடுத்தேன். நான்காம் விதி மட்டும் தெரிந்தால் போதும்: கட்டடத்தில் எதையும் முன் அனுமதியின்றிச் சேர்க்கவோ, நீக்கவோ, மாற்றவோ, பழுதுபார்க்கவோ, ஆணி அடிக்கவோ கூடாது. ஆணி அடிப்பதே தொழிலாக உள்ளவர் பட்டறையை முற்றத்துக்கு மாற்றி, தார்ப்பாய்க்குக் கீழே நாற்காலிகளுக்குக் கால் பூட்ட ஆரம்பித்தார். குடித்தனத்துக்கு மட்டும் விலக்கு அளித்தோம். குழு வரும்போது கதவைத் திறந்துவிட ஆள் வேண்டுமல்லவா?

கிடங்கின் 'மூலப் பயன்பாடு' என்ன என்று ஆராய்ந்தோம். சரக்கு வைப்பதுதான் என்று தெரிந்தது. சரக்கு வைத்தால் தரைக்குப் பாரம் என்பதும் தெரிந்தது. எனவே, எதையும் வைக்காத கிடங்காக அதைத் தொடர்ந்து நடத்துவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

இந்தக் கட்டத்தில்தான் குழு அமர்த்திய பழங்கட்டட நிபுணர் வந்து சேர்ந்தார். பூதக்கண்ணாடியோடு நான்கு நாட்கள் சுவர் சுவராகப் பார்த்து, இருநூற்றுப் பதினான்கு விரிசல்களைக் கண்டெடுத்தார். ஒவ்வொன்றும் வரலாற்று ஆவணம் என்றார். ஆவணம் என்றால் எண் வேண்டும். ஆகவே ஒவ்வொரு விரிசலின் தலையிலும் எண் பொறித்த பித்தளைத் தகடு ஒன்று, தகட்டுக்கு நான்கு ஆணி வீதம், உரிய அனுமதியுடன் அறையப்பட்டது.

ஆணி அடித்த இடத்திலிருந்துதான் சுவர் புதிதாக விரிகிறது என்று மச்சான் என்னிடம் சொன்னார். நான் நிபுணரிடம் சொன்னேன். புதிய விரிசல்கள் பாரம்பரியத் தகுதி பெறாதவை என்பதால் அவை குழுவின் வரம்புக்குள் வரமாட்டா என்று அவர் விளக்கினார். எனக்கு நன்றாகப் புரிந்தது. மச்சானுக்கு ஏனோ புரியவில்லை.

மழைக்காலம் நெருங்கியது. ஓடு மாற்ற அனுமதி கேட்டு மச்சான் நான்கு பிரதிகளில் விண்ணப்பித்தார். உடைந்த ஓட்டுக்குப் பதிலாக வைக்கும் ஓடும் நூற்று நாற்பது வயது ஆனதாக இருக்க வேண்டும் என்று பதில் போயிற்று. விடுவாரா மச்சான்? எங்கோ இடித்த ஒரு பழைய வீட்டிலிருந்து சரியான வயதில் ஐம்பது ஓடுகளைத் தேடிப் பிடித்து முற்றத்தில் அடுக்கிவிட்டார். நிபுணர் வந்து பார்த்தார்.

"இது வேற கட்டடத்தோட பாரம்பரியம். இங்க வெச்சா பாரம்பரியத் திருட்டு ஆயிடும்" என்றார்.

"அந்தக் கட்டடம்தான் இப்ப இல்லையே சார்."

"இல்லாத கட்டடத்துக்கிட்ட அனுமதி எப்படி வாங்குவீங்க? அதான் பிரச்சினை."

மச்சான் என் முகத்தைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

மழை வந்தது. கூடம் ஒழுகியது. ஒழுகும் இடங்களை நிபுணர் வரைபடத்தில் குறித்து, நூறு ஆண்டுகளுக்கு முன்பும் மழைநீர் இதே பாதையில்தான் இறங்கியிருக்க வேண்டும் என்று நிறுவினார். அக்கா ஒழுகலுக்கு வைத்த பிளாஸ்டிக் வாளிகளைத் தலைவர் அப்புறப்படுத்தச் சொன்னார். பிளாஸ்டிக் அந்தக் காலத்தில் கிடையாது.

முதல் மழை ஓய்ந்ததும் மச்சான் என்னைக் கூடத்துக்கு அழைத்துப்போனார். ஏணியில் ஏறி, நடு உத்தரத்தை விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். காலி டப்பாவைத் தட்டுவதுபோல் இருந்தது சத்தம்.

"உள்ள ஒண்ணுமே இல்ல மாப்ள, உளுத்துப்போச்சு. அடியில நாலு முட்டு குடுத்தா இன்னும் அம்பது வருஷம் நிக்கும். நானே குடுத்துடறேன். நீங்க அனுமதி மட்டும் வாங்கித் தாங்க. இதுக்குக் கீழதான் தெனமும் போக வர இருக்கோம்."

அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. அடுத்த கூட்டத்திலேயே விஷயத்தை வைத்தேன். மூல வரைபடத்தில் முட்டு உண்டா என்று தலைவர் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் கட்டியவர்களுக்கே தேவைப்படாத முட்டு நமக்கெதற்கு என்றார். இருந்தாலும் ஏழை சொல்லைத் தள்ளக் கூடாது என்பதற்காக ஒரு துணைக்குழு அமைத்தார். அதற்கும் நானே செயலாளர். துணைக்குழு கூடுவதற்குத் தேதி பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு வாரம் கழித்து மச்சான் அறைக்குப் போனபோது, அங்கே அலமாரிக்குப் பின்னால் தேக்குக் கட்டை ஒன்று தரையிலிருந்து கூரைவரை நிற்பதைக் கண்டேன். கட்டிலுக்குப் பின்னால் இன்னொன்று. கொடியில் காய்ந்த துணிக்குப் பின்னால் இரண்டு. வெறும் கூடத்தில் இப்படி மறைத்து வைக்க வழியில்லை. மேலே பார்த்தேன். அந்த ஐம்பது ஓடுகளும் கூரையில் ஏறியிருந்தன. நான்காம் விதிப்படி நான் அப்போதே எழுத்துமூலம் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்காமல், அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். பதினொரு ஆண்டுப் பணியில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

கிடங்கின் 'எதிர்காலப் பயன்பாடு' பற்றிய சிறப்புக் கூட்டம் ஒரு நண்பகலில் தொடங்கியது. மூன்று நாட்களாக விடாத மழை. காப்பிக் கடை, ஓவியக்கூடம், தியான மண்டபம், மணமக்கள் படம் எடுத்துக்கொள்ளும் இடம் என்று நான்கு திட்டங்கள் வந்திருந்தன. கடைசியில் காப்பிக் கடை வென்றது. நாற்காலிகள் பழசாகத் தெரிய வேண்டும், ஆனால் பழசாக இருக்கக் கூடாது என்று தலைவர் விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்குத் தொலைபேசி வந்தது. மனைவிதான். 'கிடங்கு' என்ற ஒரு சொல்லை மட்டும் சொன்னாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது கூடம் இல்லை. உத்தரம், ஓடு, சுவர் எல்லாம் ஒரே குவியல். குவியலின்மேல் அங்கங்கே பித்தளைத் தகடுகள் மழையில் பளபளத்தன. எண்கள் தெளிவாகத் தெரிந்தன. தென்கோடியில் அந்த ஓர் அறை மட்டும் நின்றது. இடிந்த நேரத்தில் மச்சானும் அக்காவும் அதற்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கழுவாத கையோடு அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தார். என் மனைவி அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நான் அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அது விரிசல் எண் அறுபத்தொன்று.

குழு ஒரே வாரத்தில் விசாரணையை முடித்தது. இவ்வளவு வேகத்தை எங்கள் குழு அதற்கு முன் கண்டதில்லை. கூடம் இடிந்ததில் எந்த விதிமீறலும் இல்லை என்று அறிக்கை கூறியது. முப்பத்தாறு விதிகளும் ஒன்றுவிடாமல் கடைப்பிடிக்கப்பட்டிருந்தன. கட்டடம் தன் வயது காரணமாக 'இயற்கையாக' விழுந்தது. குழுவைக் கவலையில் ஆழ்த்தியது நின்ற பகுதிதான்.

"இத்தனை மழைக்கும் ஒரு ரூம் அசையாம நிக்குதுன்னா, அங்க ஏதோ தப்பு நடந்திருக்குன்னு அர்த்தம்" என்றார் நிபுணர்.

அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அலமாரியை நகர்த்திப் பார்த்து, நான்கு முட்டு, ஐம்பது ஓடு, ஒரு புதுக் கைமரம் என்று பட்டியலிட்டார். தலைவர் அறிவிப்பின் வாசகத்தைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: 'அனுமதியின்றி நிற்கும் பகுதியை, இது கிடைத்த ஏழு நாட்களுக்குள், கட்டடத்தின் ஏனைய பகுதிகளின் நிலைக்குக் கொண்டுவர வேண்டியது.'

எழுதி முடித்ததும் கீழே 'செயலாளர்' என்று கையெழுத்திட்டேன். மறுத்திருக்கலாம். மறுப்பதற்கு வாயைத் திறக்க வேண்டும். பதினொரு ஆண்டுகளாக அந்த மேசையில் நான் பேனாவை மட்டுமே திறந்து பழகியிருந்தேன். அறிவிப்பைத் தபாலில் அனுப்புவது மரியாதையாக இருக்காது என்பதால் நேரில் எடுத்துப்போனேன்.

மச்சான் முற்றத்தில் மரத்துக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். காகிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தார்.

"கடைசி வரி வெளங்கல மாப்ள. ஏனைய பகுதிகளின் நிலைன்னா என்ன நிலை?"

எதிரே கிடந்த குவியலை நான் கையால் காட்டினேன்.

அவர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அப்ப எங்க ரூமையும் தரையோட தரையாக்கிட்டா, நீங்க முழுசாப் பாதுகாத்ததா ஆயிடும். சரிதானே?"

செயலாளர் என்ற முறையில், சரிதான் என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பாத்திரங்களை வெளியே எடுத்து வைக்கும்படி அக்காவுக்குக் குரல் கொடுத்தார். இழைப்புளியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு என்னருகில் வந்து, சொந்தக்காரனிடம் பேசுகிற அதே தணிந்த குரலில் சொன்னார்:

"கார் நிறுத்தறதுக்கு இடிக்க வந்தாங்களே, அவங்களா இருந்தா எங்களை வெளிய வரச் சொல்லிட்டுத்தான் இடிச்சிருப்பாங்க மாப்ள."